13 அணிகள் வந்தால் ஃபிக்சர் போடுவது எப்படி? ஐரோப்பியக் கோப்பையைப் பார்த்து நாங்கள் கற்ற கணக்கு

சித்திரை பிறந்ததும் போன் வர ஆரம்பித்துவிடும். “அண்ணே, பதினாறு டீம் வரும்னு நோட்டீஸ் அடிச்சோம், பதிமூணுதான் வந்திருக்கு. ஃபிக்சர் எப்படிப் போடுறது?” எந்த அணி யாரோடு மோதும் என்று போடும் பட்டியல்தான் ஃபிக்சர். மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே இருக்கிற எங்கள் ஊரில் கோடை தோறும் எழுவர் கால்பந்துத் தொடர் போட்டி நடத்துகிறோம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

சுண்ணாம்புக் கோடு, வலை, ரெஃப்ரி, மைக் செட், சுழற்கோப்பை பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அது உங்களுக்கே தெரியும். காகிதத்தில் செய்ய வேண்டிய வேலை மட்டும்தான் இங்கே.

ஐரோப்பியக் கோப்பை எதற்கு என்று கேட்பீர்கள். முதல் வருடம் எங்களுக்கு ஒரு பெரிய சண்டை வந்தது, கீழே சொல்கிறேன். அதற்குப் பிறகு, இன்றைக்கு சாம்பியன்ஸ் லீக் என்று டிவியில் பார்க்கிற போட்டி (அதன் பழைய பெயர்தான் ஐரோப்பியக் கோப்பை) எப்படி வளர்ந்தது என்று தேடிப் படித்தேன். அது தொடங்கிய கதையே நம்மூர்க் கதை மாதிரி இருக்கும். 1954 டிசம்பரில் இங்கிலாந்தின் உல்வ்ஸ் அணி ஹங்கேரியின் ஹோன்வெட் அணியை 3-2 என்று ஜெயித்தது. உலகத்திலேயே நாங்கள்தான் பெரிய டீம் என்று இங்கிலாந்துப் பத்திரிகை எழுதியது. பிரான்ஸின் லெக்கிப் பத்திரிகையில் இருந்த காப்ரியேல் ஹானோ, முதலில் மாஸ்கோவுக்கும் புடாபெஸ்டுக்கும் போய் ஜெயித்துவிட்டு வரட்டும், அப்புறம் பேசலாம் என்று எழுதினார். அடுத்த வருடமே, 1955 செப்டம்பரில், 16 அணிகளோடு போட்டி தொடங்கிவிட்டது. முதல் ஐந்து கோப்பையையும் ரியல் மாட்ரிட் எடுத்தது.

படி 1: நாளை எண்ணுங்கள், பிறகு அணியை

தையில் சம்பா அறுத்ததும் வயல் சும்மா கிடக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே உளுந்து தெளித்திருப்போம். அது எடுத்து முடிய பங்குனி ஆகிவிடும். அதற்குப் பிறகு களிமண் வெடித்து, கணுக்கால் உள்ளே போகும் அளவுக்குப் பிளந்துவிடும். அதனால் பள்ளி மைதானம்தான் கதி, அதுவும் பரீட்சை முடிந்த பிறகு. ஜூன் 12 மேட்டூர் திறந்தால் பாதிப் பையன்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். உங்கள் கையில் இருப்பது ஏழு வாரம். அதில் கோயில் திருவிழா, கல்யாண முகூர்த்தம் எல்லாம் கழித்தால் ஒரு பதினைந்து, இருபது சாயங்காலம் தேறும்.

தோற்றால் வெளியே என்கிற நாக் அவுட்டில் மொத்த ஆட்டம் எப்போதும் அணிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. 16 அணிக்கு 15 ஆட்டம், சாயங்காலத்துக்கு இரண்டு என்றால் 8 நாள். அதே 16 அணியை நான்கு நான்காக நான்கு பிரிவாக்கி, பிரிவுக்குள் எல்லாரும் எல்லாரோடும் ஆடும் லீக் நடத்தினால் பிரிவு ஆட்டங்களே 24. காலிறுதியிலிருந்து இன்னும் 7. ஆக 31 ஆட்டம், 16 நாள். உங்கள் கையில் 10 நாள்தான் என்றால் யோசிக்காதீர்கள், நாக் அவுட்தான்.

படி 2: பை எல்லாம் முதல் சுற்றிலேயே

புதிதாக ஃபிக்சர் போடுகிறவர்கள் தவறுகிற இடம் இதுதான். 13 அணி இருந்தால் 6 ஆட்டம் போட்டு, மிஞ்சிய ஒரு அணிக்கு பை, அதாவது ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு, கொடுப்பார்கள். அடுத்த சுற்றில் 7 அணி. 3 ஆட்டம், மறுபடி ஒரு பை. சீட்டு அதே அணிக்கு விழுந்தால் ஒரு முறைகூடப் பந்தைத் தொடாமல் அந்த அணி அரையிறுதியில் நிற்கும்.

சரியான வழி இது. 2, 4, 8, 16, 32 என்ற வரிசையில் உங்கள் எண்ணுக்கு அடுத்து வருவதை எடுங்கள். 13க்கு 16. பதினாறில் பதிமூன்று போக 3. அந்த மூன்று பையையும் முதல் சுற்றிலேயே கொடுத்துவிடுங்கள். மீதி 10 அணி 5 ஆட்டம் ஆடும். ஜெயித்த 5, பை வாங்கிய 3, மொத்தம் 8. அதற்குப் பிறகு பை என்ற பேச்சே வராது.

ஐரோப்பியக் கோப்பைக்கு இரண்டாவது வருடமே இந்தக் கணக்கு வந்தது. 1956-57இல் 22 அணிகள். முப்பத்திரண்டில் இருபத்திரண்டு போக 10 பை. மீதி 12 அணி முன்சுற்றில் மோதி 6 ஆனது, பத்தோடு சேர்ந்து 16. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பை யாருக்கு? போன வருடம் ஜெயித்த அணிக்கு ஒன்று, இரண்டாவது வந்த அணிக்கு ஒன்று, மூன்றாவதைச் சீட்டில் எடுங்கள். சார்ட்டை நான்கு கால்பகுதியாகப் பிரித்துக்கொண்டு, ஒரே கால்பகுதியில் இரண்டு பை விழாமல் வையுங்கள். போன வருட அரையிறுதி அணிகள் நான்கையும் கால்பகுதிக்கு ஒன்றாகப் போடுங்கள். 1987இல் மாரடோனா ஆடிய நாப்போலி இத்தாலி சாம்பியனாக வந்து, முதல் சுற்றிலேயே ரியல் மாட்ரிட்டைச் சந்தித்து வெளியே போனது. இரண்டு பெரிய அணியும் முதல் நாளே மோதினால், இறுதி ஆட்டத்தன்று மைதானத்தில் கூட்டம் இருக்காது.

கருவி பற்றி ஒரு வார்த்தை. ஃபிக்சரை சார்ட் பேப்பரில் பென்சிலால் போடுங்கள். பேனா வேண்டாம். போனில் ஃபிக்சர் போட்டுத் தரும் ஆப்கள் எனக்குப் பிடிக்காது. வேதாரண்யத்திலிருந்து வரும் அணிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பது ஆப்புக்குத் தெரியாது. புள்ளிப் பட்டியலுக்கு மட்டும் கூகுள் ஷீட் நல்லது, கூட்டல் தப்பாது.

படி 3: லீக் என்றால் சுழற்றிப் போடுங்கள்

ஐரோப்பாவில் 1991-92இல்தான் பிரிவு ஆட்டங்கள் வந்தன. தோற்றாலும் இன்னொரு ஆட்டம் உண்டு என்ற உறுதி கிளப்புகளுக்கு வேண்டியிருந்தது. வேன் வாடகை கொடுத்து வரும் நம் அணிகளுக்கும் அதே ஆசைதான்.

ஆறு அணி என்றால் மேல் வரிசையில் 1, 2, 3, அதற்குக் கீழே 6, 5, 4 என்று எழுதி, 1ஐ அசைக்காமல் மற்றவற்றை ஒவ்வொரு சுற்றுக்கும் கடிகாரம் சுற்றுகிற பக்கமாக ஓர் இடம் நகர்த்துங்கள். மேலும் கீழும் இருப்பவர்கள் மோதுவார்கள். 1-6, 2-5, 3-4 முதல் சுற்று. 1-5, 6-4, 2-3 இரண்டாம் சுற்று. ஐந்து சுற்றில் 15 ஆட்டமும் முடிந்துவிடும். ஐந்து அணிதான் என்றால் 6க்குப் பதில் ‘ஓய்வு’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.

வெற்றிக்கு 3, டிராவுக்கு 1. சாம்பியன்ஸ் லீக்கே 1995-96இல்தான் 3 புள்ளிக்கு மாறியது. அதற்கு முன்பு 2.

படி 4: புள்ளி சமமானால் என்ன? இதை முதல் நாளே எழுதுங்கள்

எங்களைக் கவிழ்த்தது இந்த இடம்தான். அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். ஊர்ப் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

ஒரு பிரிவில் நான்கு அணிகள். வடகரை, தென்கரை, மேலத்தெரு, கீழத்தெரு. முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் அரையிறுதிக்குப் போவார்கள். வடகரை தென்கரையை 1-0 ஜெயித்தது. தென்கரை மேலத்தெருவை 2-0. மேலத்தெரு வடகரையை 3-2. மூன்று பேருமே கீழத்தெருவை ஜெயித்தார்கள். வடகரை 1-0, தென்கரை 2-1. மேலத்தெருவோடு ஆட்டம் நடந்த அன்று கீழத்தெருவில் ஒரு கல்யாணம். ஐந்து பேர்தான் வந்தார்கள். மேலத்தெரு 5-0.

இப்போது மூன்று அணிக்கும் 6 புள்ளி.

எல்லா ஆட்டத்தையும் சேர்த்து கோல் வித்தியாசம் (அடித்ததில் வாங்கியது போக மீதி) பார்த்தால் மேலத்தெரு 4, தென்கரை 2, வடகரை 1. மேலத்தெருவும் தென்கரையும் உள்ளே. மூன்று பேரும் தங்களுக்குள் ஆடியதை மட்டும் எடுத்தால் தென்கரை 1, வடகரை 0, மேலத்தெரு மைனஸ் 1. தென்கரையும் வடகரையும் உள்ளே. ஒரு கணக்கில் முதலிடத்தில் இருக்கிற மேலத்தெரு, இன்னொரு கணக்கில் வெளியே. காகிதத்தில் நீங்களே ஒரு முறை கூட்டிப் பாருங்கள், அப்போதுதான் கையில் நிற்கும்.

நாங்கள் எந்தக் கணக்கையும் எழுதி வைத்திருக்கவில்லை. ராத்திரி ஒன்பதரை மணி. டியூப்லைட்டைச் சுற்றி ஈசல். வடகரை கேப்டன் எங்கள் நோட்டின் மேல் விரலை வைத்து, “எதுல எழுதியிருக்கு, காட்டுங்க” என்றார். காட்ட ஒன்றும் இல்லை. பதினொரு மணி வரை பேசிவிட்டுக் கடைசியில் சீட்டுக் குலுக்கினோம். சீட்டில் வெளியே போனது தென்கரை. எந்தக் கணக்கில் பார்த்தாலும் உள்ளே இருந்திருக்க வேண்டிய அணி அது ஒன்றுதான். அந்தப் பையன்கள் ஒரு வார்த்தை பேசாமல் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பாமணியாற்றுக் கரை வழியாக நடந்து போனார்கள். இரண்டு வருடம் எங்கள் போட்டிக்கு வரவில்லை. இன்றைக்கும் எனக்கு அது உறுத்தல்தான்.

எது சரியான கணக்கு என்று கேட்டால் இரண்டுமே புழக்கத்தில் இருப்பவைதான். 2022 கத்தார் உலகக் கோப்பையில் மொத்த கோல் வித்தியாசத்தை முதலில் பார்த்தார்கள். சாம்பியன்ஸ் லீக் பிரிவு ஆட்டங்களில் நேருக்கு நேர் ஆடியதை முதலில் பார்த்தார்கள். நம்மூருக்கு நான் நேருக்கு நேர்தான் சொல்வேன். ஆள் குறைந்து வந்த அணியின் மேல் அடித்த ஐந்து கோல் இன்னோர் அணியின் தலையெழுத்தை மாற்றக் கூடாது. எங்கள் விதித்தாளில் இப்போது இருப்பது இது:

புள்ளி சமமானால், சமமான அணிகள் தங்களுக்குள் எடுத்த புள்ளி. அதுவும் சமம் என்றால் தங்களுக்குள் கோல் வித்தியாசம். அப்புறம் தங்களுக்குள் அடித்த கோல். அப்புறம் மொத்த கோல் வித்தியாசம். அதற்கும் மேல் சமம் என்றால் டைபிரேக்கர், அதாவது பெனால்டி. சீட்டு கிடையாது.

தாளை நகலெடுத்து, நுழைவுக் கட்டணம் கட்டும்போதே ஒவ்வொரு கேப்டனிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

படி 5: சீட்டை விட்டு டைபிரேக்கருக்கு வாருங்கள்

1965இல் லிவர்பூலும் ஜெர்மனியின் கொலோனும் காலிறுதியில் மோதின. இரண்டு ஆட்டமும் 0-0. ராட்டர்டாமில் மூன்றாவது ஆட்டம், 2-2. ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளையுமாக இருந்த வட்டத்தைச் சுண்டினார் ரெஃப்ரி. அது சேற்றில் செங்குத்தாக நின்றுவிட்டது. மறுபடி சுண்டியதில் லிவர்பூல் அரையிறுதிக்குப் போனது. முந்நூறு நிமிடம் ஆடித் தோற்காத கொலோன் வீட்டுக்குப் போனது. இதைப் படித்தபோது தென்கரைப் பையன்கள்தான் கண்ணில் வந்தார்கள்.

ஐரோப்பியக் கோப்பையில் பெனால்டி முறை 1970-71இல் வந்தது. அந்த நவம்பரில் எவர்டன் அணி மோன்ஷன்கிளாட்பாக் அணியை 4-3 என்று அதில் ஜெயித்தது. அதனால் உங்கள் நாக் அவுட் ஆட்டம் டிராவானால் நேராக ஐந்து பெனால்டி, பிறகு ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரம் வேண்டாம், ஆறரைக்கு மேல் பந்து தெரியாது.

படி 6: பிரிவின் கடைசி இரண்டு ஆட்டம் ஒரே நேரத்தில்

1982 உலகக் கோப்பையில் அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை முதல் நாளே முடித்துவிட்டது. மறுநாள் மேற்கு ஜெர்மனி ஒரு கோலிலோ இரண்டு கோலிலோ ஜெயித்தால் ஆஸ்திரியாவும் சேர்ந்தே உள்ளே போகலாம் என்ற நிலை. பத்தாவது நிமிடத்தில் ஒரு கோல் விழுந்தது. அதற்குப் பிறகு இரண்டு அணியும் பந்தை உருட்டிக்கொண்டிருந்தன. மேற்கு ஜெர்மனியையே வென்றிருந்த அல்ஜீரியா வெளியே. 1986இலிருந்து கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

ஒரே மைதானம்தானே என்பீர்கள். எழுவர் ஆட்டத்துக்குப் பெரிய மைதானத்தைக் குறுக்கே இரண்டாகப் பிரித்துக் கோடு போடலாம். கூடுதலாக ஒரு ஜோடி கோல் கம்பம் வேண்டும். சவுக்குக் கம்பு நட்டால் போதும்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

லீக் நடுவில் ஓர் அணி விலகினால் என்ன செய்வது என்று பட்டுக்கோட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். நான் இதை மறந்தே போயிருந்தேன். ஒரு நாள் மட்டும் வராவிட்டால் எதிரணிக்கு 3-0 வாக் ஓவர், அதாவது ஆடாமலே வெற்றி. முழுவதும் விலகினால் அவர்கள் ஆடிய எல்லா முடிவையும் அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் சிலருக்கு மட்டும் சும்மா 3 புள்ளி கிடைக்கும்.

மயிலாடுதுறையிலிருந்தும் அணிகள் வந்தால் வேன் செலவு கட்டுப்படியாகாதே என்று இன்னொருவர். ஆசிய கிளப் போட்டியைப் பாருங்கள். 1967இல் தொடங்கி, 1971க்குப் பிறகு நின்று, 1985இல் மறுபடி உயிர் பெற்ற போட்டி அது. தூரம்தான் அதற்கு என்றைக்கும் பிரச்சினை. 2014இலிருந்து மேற்கு ஆசியாவும் கிழக்கு ஆசியாவும் தனித்தனியாக ஆடி இறுதியில் மட்டும் சந்தித்தன. நீங்களும் கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்தை ஒரு பாதியாகவும் மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்தை மறுபாதியாகவும் சார்ட்டில் போட்டு, இரண்டு ஊரில் நடத்தலாம்.

சாம்பியன்ஸ் லீக்கில் 2024-25இலிருந்து 36 அணிக்கும் ஒரே பட்டியல், ஆளுக்கு 8 ஆட்டம்; நாமும் அப்படிச் செய்யலாமா என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். 12 அணி, ஆளுக்கு 4 ஆட்டம் என்று செய்யலாம், 24 ஆட்டம் வரும். ஆனால் எல்லாரும் எல்லாரோடும் ஆடுவதில்லை என்பதால் படி 4இல் சொன்ன நேருக்கு நேர் கணக்கு அங்கே செல்லாது. அவர்களும் அங்கே மொத்த கோல் வித்தியாசத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். விதித்தாளில் அந்த வரியை மாற்றிய பிறகு தொடங்குங்கள்.

எங்கள் விதித்தாளின் நகல் வேண்டுமென்றால் ஜூன் முதல் வாரத்துக்குள் கேளுங்கள். அதற்குப் பிறகு நாற்றங்கால் வேலை வந்துவிடும், போனை எடுக்க ராத்திரி ஆகும்.