மொறுமொறு வெங்காய வளையம்: அந்த மெல்லிய தோலை உரித்துவிடுங்கள்

வெங்காய வளையம் பொரிக்கும்போது மாவு தனியே கழன்று எண்ணெயில் மிதக்கிறதா? பெரிய பெல்லாரி வெங்காயத்தை அரை அங்குல கனத்தில் வட்டமாக நறுக்கி, வளையங்களைப் பிரியுங்கள். ஒவ்வொன்றின் உட்புறமும் கண்ணாடித் தாள் போல ஒரு மெல்லிய தோல் ஒட்டியிருக்கும். நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பி இழுத்தால் அப்படியே உரிந்து வரும். அதுதான் வழுக்கி மாவைப் பிடிக்க விடாமல் செய்கிறது. பொறுமை வேண்டும், ஆனால் இதைச் செய்த நாளிலிருந்து எனக்கு ஒரு வளையம்கூட மொட்டையாக வந்ததில்லை.

வெங்காயத்தில் உப்பு போட்டு வைக்காதீர்கள், நீர் விட்டுவிடும். உப்பை மாவில் சேருங்கள். மைதா அரை கப், அரிசி மாவு கால் கப், சோளமாவு 2 டேபிள்ஸ்பூன், மிளகாய்த்தூள். கரைக்க ஃபிரிட்ஜில் வைத்த ஜில்லென்ற சோடா. பஜ்ஜி மாவு பதம் போதும். அதிகம் கலக்கினால் மைதா ஜவ்வாகிவிடும், சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும்.

வளையங்களை முதலில் உலர்ந்த மைதாவில் புரட்டி, பிறகு மாவில் தோய்த்து, நன்கு காய்ந்த எண்ணெயில் நான்கைந்தாகப் போடுங்கள். சலசலப்பு அடங்கி, பொன்னிறமானதும் எடுத்துக் கம்பி வலைத் தட்டில் பரப்புங்கள். காகிதத்தில் குவித்தால் அடியில் ஆவி தங்கி நமுத்துவிடும்.