குடும்பத்தோடு கேம்ப் போகிறீர்களா? இருட்டிய பிறகு அந்த இடம் எப்படி இருக்கும் என்று கேளுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு, பாலக்காடு கஞ்சிக்கோட்டில் வேலை கிடைத்தோ, கொச்சிக்கு மாற்றலாகியோ வந்து, பால் காய்ச்சி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து மூச்சு விட்டதும் எல்லா வீட்டிலும் ஒரு பேச்சு வரும். மலை இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கினால் என்ன? கட்டாயம் போங்கள். ஒன்பது வருடமாகப் பாலக்காட்டில் இருக்கிறேன், எங்கள் பிள்ளைகள் பாதி வளர்ந்ததே இந்த மலைகளில்தான். ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

மேகத்துக்கு மேலே கூடாரம் நிற்கும் போட்டோவைப் பார்த்துத்தான் பலரும் பணம் கட்டுகிறார்கள். அது காலை ஆறரை மணிக்கு எடுத்த போட்டோ. நீங்கள் அங்கே இருக்கப்போவது பெரும்பாலும் இருட்டில். அந்த இருட்டில் தண்ணீர், கழிப்பறை, யானை, மண்சரிவு இந்த நான்கும் எப்படி என்று தெரிந்த பிறகுதான் முன்பணம் அனுப்ப வேண்டும்.

தண்ணீரில் தொடங்குகிறேன், நாங்கள் பட்டது அதில்தான். ஒரு மார்ச் மாதம் மூணாறு அருகே சூரியநெல்லி பக்கம் ஒரு கேம்ப்புக்குப் போன் செய்தோம். எல்லாம் பேசி முடித்து வைக்கும்போது கேம்ப்காரர் "வெள்ளம் குறவாணு" என்றார். வெள்ளம் குறைவு, அப்படியானால் நல்லதுதானே என்று நினைத்து, என் மாமியாரையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். அவர் நேர்மையாகத்தான் சொல்லியிருக்கிறார், புரிந்துகொள்ளாதது நாங்கள். போய்ப் பார்த்தால் தொட்டியில் அடிமட்டத்தில் கலங்கலாக ஒரு முழம். கழிப்பறை ஒன்றே ஒன்று, அதுவும் கூடாரத்திலிருந்து அறுபது படி கீழே, வழியில் விளக்கில்லை. முழங்கால் வலிக்காரரான மாமியார் அன்று மாலைக்குப் பிறகு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, ராத்திரி இறங்க வேண்டி வருமே என்று. காலையில் அவர் உதடு காய்ந்து வெடித்திருந்ததைப் பார்த்தபோது எனக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து என் முதல் கேள்வி கழிப்பறை எத்தனை, கூடாரத்திலிருந்து எத்தனை அடி, படி உண்டா என்பதுதான். பெரியவர்களும் சின்னப் பிள்ளைகளும் வந்தால் இதற்குச் சரியான பதில் வராத இடத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்தது யானை. "ஆன இறங்ஙுமோ?" (யானை இறங்கி வருமா?) என்று கேளுங்கள், கேம்ப்காரரிடம் மட்டும் அல்ல, பக்கத்து டீக்கடையிலும். கடைக்காரர் பொய் சொல்ல மாட்டார். மூணாறு அருகே சின்னக்கானல், ஆனையிறங்கல் பக்கம் யானை என்பது அன்றாட விஷயம். அரிசிக்காக ரேஷன் கடைகளை உடைத்த அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அடுத்த மாதமே அது தேனி மாவட்டத்துக் கம்பம் ஊருக்குள் வந்தது, ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனது. ஒரு யானை போனது, மற்றவை அங்கேயேதான் இருக்கின்றன. 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடி அருகே, தனியார் விடுதி ஒன்றின் கூடாரத்தில் தங்கியிருந்த பெண் யானை தாக்கி உயிரிழந்தார். ஆகவே காட்டோரமாகத் துணிக் கூடாரம் மட்டும் போட்டு, சுற்றிச் சோலார் வேலியும் இல்லாமல், ராத்திரிக் காவலுக்கு ஆளும் இல்லாமல் இருந்தால் வாடகை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். இன்னொன்று, கூடாரத்தின் பக்கத்தில் பலாமரம் இருக்கிறதா என்று பாருங்கள். பழம் பழுக்கும் மாதங்களில் அந்த வாசனைக்கு யானை வரும். அரிசி மூட்டையையும் பழத்தையும் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள்.

மழைக்காலத்தில் சரிவுதான் பெரிய பயம். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து, தேயிலைத் தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) தூங்கிக்கொண்டிருந்த நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் அப்படியே புதைந்தன. எழுபது பேர் போனார்கள். மலையாளச் செய்தியில் "உருள்பொட்டல்" என்று வந்தால் அது நிலச்சரிவு, இந்தச் சொல்லை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். 24 மணி நேரத்தில் 115.6 மில்லிமீட்டருக்கு மேல் மழை எதிர்பார்த்தால் ஆரஞ்சு அலர்ட், 204.4-க்கு மேல் என்றால் ரெட். ஆரஞ்சு வந்தாலே நான் பயணத்தை ரத்து செய்துவிடுவேன், முன்பணம் போனால் போகட்டும். மேலே செங்குத்தாக வெட்டிய மண்சுவர், கீழே ஓடை, நடுவில் கூடாரம் என்ற இடத்தில் ஜூன் முதல் நவம்பர் வரை தங்கவே கூடாது.

சரி, எங்கேதான் போவது? முதல் தடவை என்றால் பறம்பிக்குளத்தையே சொல்வேன். பாலக்காடு மாவட்டத்துக் காடு, ஆனால் சாலை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான். ஆனப்பாடியில் வனத்துறையே கூடாரக் குடில்கள் வைத்திருக்கிறது. ஆட்கள் கூடவே இருப்பார்கள், எப்போது வெளியே போகலாம், எப்போது கூடாது என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். முன்பதிவு செய்யாமல் போய் நிற்காதீர்கள். மழை பயம் உள்ளவர்களுக்கு மறையூர், காந்தளூர். மலை மறைப்பதால் மழை குறைவாகப் பெய்யும் பகுதி, தமிழ் பேசுகிற ஊர்கள், தோட்டத்துக்குள்ளேயே தங்க இடம் கிடைக்கும். வட்டவடையும் அழகு, ஆனால் பாம்பாடும் சோலையைக் கடந்து போக வேண்டும், உடுமலைப் பக்கமிருந்து மறையூருக்கு வந்தால் சின்னாறைக் கடக்க வேண்டும். இரண்டுமே காடு, வெளிச்சம் இருக்கும்போதே தாண்டிவிடுங்கள். மூணாறு மேட்டில் ஜனவரி என்றால் விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும். கைக்குழந்தையோடு கூடாரம் வேண்டாம், அறை எடுங்கள்.

கேரவன், அதாவது உள்ளேயே படுத்துச் சமைத்துத் தங்கும் வண்டி, அந்த ஆசை உள்ளவர்களுக்குக் கொஞ்சம். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது, அவற்றை நிறுத்தித் தங்கும் முதல் கேரவன் பார்க் வாகமண்ணில் வந்தது. முதல் முறை ஓட்டுநரோடு வாடகைக்கு எடுப்பதே நல்லது. சொந்த வேனுக்குள் கட்டில், அடுப்பு பொருத்தி ஓட்டலாம் என்று நினைத்தால், ஆர்டிஓ அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றக் கூடாது, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அது. போடியிலிருந்து மூணாறு போகும் வழியில் போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள், நீளமான வண்டிக்கு அது லேசான வேலை இல்லை. நிறுத்துமிடத்தில் மூன்று விஷயம் கேளுங்கள்: கரண்ட் பாயின்ட் எத்தனை ஆம்பியர், கழிவுநீரை எங்கே இறக்குவது, வண்டி திருப்ப இடம் இருக்கிறதா. வெறும் செம்மண் தரை என்றால் ஒரு மழைக்கே சக்கரம் புதையும். கான்கிரீட்டோ ஜல்லியோ போட்டிருக்க வேண்டும்.

வனத்துறை நிலத்தில் நாமாகக் கூடாரம் அடிப்பது குற்றம். தனியார் இடம் என்றால் பஞ்சாயத்து லைசன்ஸ் இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம், ஒழுங்காக நடத்துபவர் காட்டத்தான் செய்வார். அட்டைப் பூச்சிக்குக் கொஞ்சம் உப்பும் புகையிலைத் தூளும், தலைக்கு ஒரு டார்ச். ஆம்புலன்ஸுக்கு இங்கேயும் 108 தான், ஆனால் கேம்ப்பில் சிக்னல் கிடைக்கும் மூலை எது என்று போனதுமே தெரிந்துகொள்ளுங்கள். நான்கு மணிக்குள் போய்ச் சேருங்கள். வண்டியை வெளியே போகும் திசையில் திருப்பி நிறுத்துங்கள், கழிப்பறை வரை ஒரு தடவை நடந்து பாருங்கள், அப்புறம் பையை இறக்கலாம்.