வெளிநாட்டில் தியானக் குழு தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு அலமாரியில் உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைச் சலவைக்கல் புத்தர் இருக்கிறார். பர்மாவில் மாந்தலேயில் கடை வைத்திருந்த ஐயா ஊருக்கு வந்த ஒரு தடவை கொண்டுவந்தது. ஒரு காது மடல் உடைந்திருக்கும். எங்கள் வீட்டில் அதை யாரும் கும்பிட்டதில்லை, தூக்கிப் போட்டதும் இல்லை. அப்பத்தா வெள்ளிக்கிழமை அலமாரி துடைக்கும்போது அதையும் எடுத்துத் துடைத்து அதே இடத்தில் வைப்பார்கள். மேற்படிப்புக்கு ஜெர்மனி கிளம்பும் முன் சொல்லிக்கொள்ள வந்த அக்கா மகன், அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அம்மான், அங்கே போனதும் தியானம் செய்ய ஒரு குழு தேடணும். ஆனால் பூசை, மதம் எதுவும் வேண்டாம். எப்படித் தேடுவது?"

அந்த நாட்டில் 9 ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தவன் நான். எனக்குப் பொருந்திய குழுவைக் கண்டுபிடிக்கவே அதில் இரண்டு ஆண்டுகள் போய்விட்டன. அன்று இரவு முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். வெளியூரில் தனியாக இருக்கும் வேறு பிள்ளைகளுக்கும் பயன்படட்டும்.

அவன் கேட்டதற்கு ஒரு பெயர் உண்டு: மதச்சார்பற்ற பௌத்தம், ஆங்கிலத்தில் செக்யுலர் புத்திஸம். மறுபிறவியை நம்ப வேண்டும், 'புத்தம் சரணம்' சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல், புத்தர் காட்டிய மனப் பயிற்சியையும் வாழும் நெறியையும் எடுத்துக்கொள்வது. திபெத்திய மரபிலும் கொரியாவின் ஜென் என்ற தியான மரபிலும் துறவியாக இருந்து, பிறகு துறவை விட்டு வந்த ஸ்டீபன் பேட்ச்லர் இதைப் பற்றி நிறைய எழுதியும் பேசியும் வருகிறார்.

பலரும் முதலில் சறுக்குவது இந்தப் பெயரில்தான். அந்த வார்த்தையை அப்படியே தட்டித் தேடினால் பெரிய நகரங்களிலேயே ஒன்றிரண்டு குழுக்கள்தான் வரும். சின்ன ஊர் என்றால் பெரும்பாலும் ஒன்றும் வராது. "இங்கே எதுவும் இல்லை" என்று அதோடு விட்டுவிடுகிறோம். அந்தப் பலகையை மாட்டிக்கொள்ளாமல் கிட்டத்தட்ட அதே காரியத்தைச் செய்கிறவர்கள்தான் அதிகம். இன்சைட் மெடிடேஷன், விபாசனா, மைண்ட்ஃபுல்னஸ், ஜென் என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் தேட வேண்டும். ஆசியாவில் தியானம் பயின்று திரும்பிய ஜோசஃப் கோல்ட்ஸ்டீன், ஷாரன் சால்ஸ்பர்க், ஜாக் கார்ன்ஃபீல்ட் ஆகியோர் 1975-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கிய மையத்தின் வழியாகப் பரவிய பெயர்தான் இன்சைட். இங்கிலாந்தில் டெவன் பக்கம் 1983-ல் தொடங்கிய கையா ஹவுஸும் இந்த வகைதான். இந்த வழியில் வந்த குழுக்களில் சடங்கு குறைவு. அரை மணியோ முக்கால் மணியோ உட்காருவார்கள், ஒருவர் கொஞ்சம் பேசுவார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், தேநீர் குடித்துக் கலைவார்கள்.

ஆங்கிலத்தில் மட்டும் தேடுவதும் கூடாது. அந்த நாட்டு மொழியில் தேடுங்கள். ஜெர்மனியில் ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலே என்று ஊருக்கு ஊர் மக்கள் கல்வி நிலையங்கள் இருக்கின்றன. சமையல், மொழி வகுப்புகளோடு தியான வகுப்பும் அவர்கள் அட்டவணையில் இருக்கும். எனக்குக் குழு கிடைத்தது நூலகத்து நோட்டீஸ் பலகையில். "செவ்வாய் மாலை 7 மணி. சேர்ந்து அமைதியாக உட்காருகிறோம். போர்வை கொண்டுவரவும்." அவ்வளவுதான் அந்தத் துண்டுக் காகிதத்தில். பௌத்தம் என்ற சொல்லே இல்லை. அதைப் பார்த்தும் பார்க்காமல் பல மாதம் கடந்து போயிருக்கிறேன்.

அடுத்தது, ஊரில் உள்ள பௌத்த விகாரைக்குப் போய் ஏமாந்து திரும்புவது. வெளிநாட்டில் இருக்கும் இலங்கை, தாய்லாந்து, பர்மிய விகாரைகள் பெரும்பாலும் அந்தந்த நாட்டு மக்கள் கூடும் இடங்கள். பிக்குகளுக்கு உணவு படைப்பார்கள், பிரித் என்ற காப்பு ஓதல்களை ஓதுவார்கள், வெசாக் திருவிழா கொண்டாடுவார்கள். பிள்ளையார்பட்டியில் சதுர்த்தி அன்று போய் நின்றுகொண்டு "இங்கே தியான வகுப்பு உண்டா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அவர்கள் மேல் குறை இல்லை, நாம் கேட்கும் இடம்தான் தவறு. ஆனால் பல விகாரைகளில் வாரத்தில் ஒரு மாலை தியானத்துக்கென்றே தனியாக ஒதுக்கியிருப்பார்கள். திருவிழா நாளில் போய்ப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிடாமல், அந்த மாலை எது என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

விபாசனாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் அதிகம் கேள்விப்பட்டிருப்பது கோயங்கா முறையைத்தான். அதன் வேர் நம் ஐயாக்கள் கடை நடத்திய அதே பர்மா. சத்ய நாராயண் கோயங்கா 1924-ல் மாந்தலேயில் ஒரு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். ஒற்றைத் தலைவலி தீராமல், கடைசியில் ரங்கூனில் ஊ பா கின் என்பவரிடம் போய்ச் சேர்ந்தார். அந்த ஊ பா கின் துறவி இல்லை. 1948-ல் பர்மா சுதந்திரம் அடைந்தபோது நாட்டின் தலைமைக் கணக்காயராகப் பதவியேற்றவர். பேரேடும் ஐந்தொகையுமாக வளர்ந்த நம் பக்கத்து ஆட்களுக்கு, ஒரு கணக்குக்காரர் தியான ஆசானாக இருந்தார் என்பது ஒரு நெருக்கத்தைத் தரும். எனக்குத் தந்தது. 1969-ல் கோயங்கா இந்தியா வந்து கற்பிக்கத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க அந்த மையங்கள் இருக்கின்றன.

இங்கே நடக்கும் தவறு என்னவென்றால், நகரத்தில் அந்த மரபின் வாராந்திரக் கூட்டு அமர்வு நடப்பதைக் கேள்விப்பட்டு நேரே போய் நிற்பது. அது 10 நாள் முகாமை முழுதாக முடித்தவர்களுக்கு மட்டும். புதியவர்களைச் சேர்க்க மாட்டார்கள். முகாமோ அதிகாலை 4 மணிக்கு மணியடித்தால் இரவுவரை நீளும். ஒரு நாளில் சுமார் 10 மணி நேரம் உட்கார வேண்டும், யாரோடும் பேசக் கூடாது. கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் விரும்பிக் கொடுக்கும் நன்கொடையில் நடக்கிறது. மதம் மாற வேண்டியதில்லை. ஆனால் பாலி மொழியில் ஓதுவது ஒலிக்கும், இரவு உரையில் கர்மா பற்றிய பேச்சு வரும். இதெல்லாம் தெரிந்து போகிறவர்கள் நன்றாகப் பயன்பெறுகிறார்கள். "வாரம் ஒரு மணி நேரம் போதும்" என்று நினைக்கிறவர் முதல் படியாக இதில் இறங்க வேண்டாம். அதுவும் மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மருத்துவம் எடுத்துக்கொண்டிருப்பவர், எந்த மரபின் நீண்ட முகாமாக இருந்தாலும், விண்ணப்பத்தில் அதை மறைக்கவே கூடாது. முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். நீண்ட மௌனத்தில் சிலருக்கு உள்ளே இருப்பது கட்டுக்கடங்காமல் கிளம்பிவிடும். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பையும் தியானக் குழுவையும் ஒன்றென்று நினைப்பவர்களும் உண்டு. 1979-ல் ஜான் கபட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கிய 8 வாரப் பயிற்சிதான் பல வகுப்புகளுக்கு மூலம். நல்ல பயிற்சி, கட்டணம் உண்டு. ஜெர்மனியில் பல மருத்துவக் காப்பீடுகள் சான்று பெற்ற வகுப்பின் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகின்றன, கேட்டு வாங்குங்கள். ஆனால் எட்டாவது வாரம் முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். முடிவதற்குள் ஆசிரியரிடம் "தொடர்ந்து சேர்ந்து உட்காருகிறவர்கள் யாராவது உண்டா?" என்று கேட்டுவிட வேண்டும். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

மதம் வேண்டாம் என்று போகிறவர்கள் ஊதுபத்தியைக் கண்டதும் திரும்பி வந்துவிடுகிறார்கள். நானும் ஒரு ஜென் கூடத்திலிருந்து அப்படித்தான் வந்தேன். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் மெத்தையை நோக்கிக் கைகூப்பிக் குனிந்தார்கள், பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பின்னால் விளங்கியது, அங்கே குனிவது யாரிடமும் எதையும் வேண்டிக்கொள்வதற்காக இல்லை. உட்காரும் இடத்துக்கும் கூட உட்காருகிறவர்களுக்கும் செய்யும் மரியாதை. நம் வீட்டில் வேலையை ஆரம்பிக்கும் முன் கணக்குப் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதில்லையா? சடங்கு இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அதைச் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் ஏதாவது சொல்வார்களா என்று பாருங்கள். நல்ல இடத்தில் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

கவனமாகப் பார்க்க வேண்டியது பணத்தையும் ஆசிரியரையும். இன்சைட் வகைக் குழுக்களில் வாசலில் ஒரு பெட்டியோ கிண்ணமோ இருக்கும். தானம் என்ற நம் சொல்லையே சொல்வார்கள். கட்டாயமில்லை. ஆனால் இலவசம் என்று நினைத்து மாதக்கணக்கில் ஒன்றும் போடாமல் இருப்பதும் சரியில்லை, கூடத்துக்கு வாடகை யாரோ கொடுக்கிறார்கள். மாணவராக இருந்தால் ஒரு தேநீர் விலையைப் போடுங்கள், போதும். மாறாக, அடுத்த நிலை, அதற்கடுத்த நிலை என்று கட்டணம் ஏறிக்கொண்டே போனாலும், இங்கே நடப்பதை வெளியே சொல்லாதே என்றாலும், ஆசிரியரைக் கேள்வி கேட்டால் "உன் அகங்காரம் பேசுகிறது" என்று வாயடைத்தாலும், அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். பெயர் பெற்ற ஆசிரியர்கள் மேலேயே பாலியல் அத்துமீறல் புகார்கள் வந்த கதை மேற்கு நாடுகளில் உண்டு. அங்குத்தர நிகாயம் என்ற பாலி நூலில், காலாமர் என்ற மக்களுக்குச் சொன்ன பேச்சில், மரபு என்பதற்காகவோ, நூலில் இருக்கிறது என்பதற்காகவோ, "இவர் நம் ஆசான்" என்பதற்காகவோ ஏற்றுக்கொள்ளாதீர்கள் என்று புத்தரே சொல்லியிருக்கிறார். அவர் பெயரில் நடக்கும் இடத்தில் கேள்விக்கு இடமில்லை என்றால் அங்கே நமக்கு என்ன வேலை?

இன்னொரு தவறு நம்மவர்களுக்கே உரியது. இந்தியாவிலிருந்து வருகிறவர் என்றதும் "உங்களுக்கு இதெல்லாம் சின்ன வயதிலிருந்தே தெரிந்திருக்குமே" என்பார்கள். ஆசையோடு கேட்கிறார்களே என்று மறுக்கத் தோன்றாது. இரண்டாவது வாரமே மந்திரத்துக்குப் பொருள் கேட்பார்கள், மூன்றாவது வாரம் நடத்தித் தரச் சொல்வார்கள். "எனக்குத் தெரியாது, நானும் கற்றுக்கொள்ளத்தான் வந்தேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கற்றுக்கொள்ளும் வாய்ப்பே போய்விடும்.

அப்புறம், கிட்டங்கி. அந்தக் காலத்தில் சிங்கப்பூரிலோ பினாங்கிலோ கப்பலைவிட்டு இறங்கும் பையனுக்கு நேரே போய்ச் சேர, நகரத்தாரின் கடையும் தங்குமிடமுமான ஒரு கிட்டங்கி இருந்தது. பாய் விரிக்க இடம், ஊர்ச் சாப்பாடு, ஊர்ப் பேச்சு எல்லாம் அங்கேயே. அந்த நினைப்பு நம் ரத்தத்தில் இருக்கிறது. தியானக் குழுவில் அதைத் தேடினால் மனசு ஒடிந்துவிடும். ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு முதல் குளிர்காலம் முழுக்க அது அலட்சியமாகவே பட்டது. ஒரு செவ்வாய் காய்ச்சலில் போகவில்லை. அடுத்த வாரம் நுழைந்தபோது என் வழக்கமான இடத்தில், சன்னலோரம், என் மெத்தையை யாரோ முன்கூட்டியே எடுத்துப் போட்டு வைத்திருந்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. ஊர்ப் பேச்சுக்குத் தமிழ்ச் சங்கம் போங்கள். இங்கே கிடைப்பது வேறு. அது மெதுவாகத்தான் வரும். அதனால் ஒரு தடவை போய்விட்டு முடிவெடுக்காதீர்கள், நாலைந்து வாரமாவது போங்கள்.

ரயிலில் ஒரு மணி நேரம் போய்ச் சேரும் மிக நல்ல குழுவைவிட, நடந்து போகும் தூரத்தில் இருக்கும் சுமாரான குழு மேல். நவம்பர் மழையில் இது புரியும். இணையக் குழு உதவும்தான், ஆனால் அதையே முழுமையாக நம்ப வேண்டாம். ஊருக்கு விடுமுறையில் வரும்போது தொடர அது நல்ல வழி. நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே மாலை 7 என்றால் கோடையில் இங்கே இரவு 10.30, அக்டோபர் கடைசி ஞாயிறில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு 11.30. எதுவுமே கிடைக்காவிட்டால் விடுதியில் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு வாரம் ஒரு நாள் உட்காருங்கள். கைபேசியில் 30 நிமிடம் மணி வைத்தால் போதும்.

தியான மெத்தை என்று போனதும் விலை கொடுத்து வாங்காதே என்றும் அவனிடம் சொன்னேன். அங்கே கடையில் கபோக் என்று எழுதி விற்பது நம் இலவம்பஞ்சுதான். அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் வீட்டில் இருந்த பழைய திண்டைப் பிரித்து, பஞ்சை வெயிலில் காயவைத்து, வட்டமாக ஒன்று தைத்தார்கள். உறைக்கு அப்பத்தாவின் கண்டாங்கிச் சேலையில் ஒரு துண்டு. பெட்டியை எடை போட்டபோது 23 கிலோவுக்கு மேல் போய்விட்டது. அவன் பருப்புப்பொடியை எடுத்து வெளியே வைத்துவிட்டு அதை உள்ளே வைத்தான்.