குடும்பமாகப் பறக்கும்போது எந்த விமானம் மலிவு?

தேடியதும் முதலில் தெரியும் கட்டணத்தை நம்பி விமான நிறுவனத்தை முடிவு செய்யாதீர்கள். இரண்டு மூன்று நிறுவனங்களில் வீட்டார் அத்தனை பேரையும் சேர்த்து, பெட்டி, இருக்கை எல்லாம் தேர்ந்தெடுத்து, பணம் கட்டும் பக்கம் வரை போங்கள். அங்கே வரும் மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள்.

மலிவு விமான நிறுவனங்கள் பலவற்றில் டிக்கெட் விலையில் கைப்பை மட்டுமே அடங்கும். பெட்டிக்கும் இருக்கைத் தேர்வுக்கும் தனிக் கட்டணம். இருக்கைக் கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு ஒன்று, ஒவ்வொரு விமானத்துக்கும் ஒன்று. நான்கு பேர் போய்வர 8 இருக்கைக் கட்டணம். போகும்போதும் வரும்போதும் வழியில் ஒருமுறை விமானம் மாறினால் 16. தனியாளுக்கு மலிவான டிக்கெட் குடும்பத்துக்குக் கையைக் கடிப்பது இதனால்தான்.

இருக்கையில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பேன். இருக்கையைத் தேர்ந்தெடுக்காவிட்டால், பெல்ட்டைப் பூட்டத் தெரியாத 4 வயதுக் குழந்தை மூன்று வரிசை தள்ளி, முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவைத் தேட நேரலாம். ஆனால் சில நிறுவனங்கள் சிறு குழந்தையைப் பெற்றோர் அருகிலேயே கட்டணமின்றி அமர்த்துகின்றன. விதிகளைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மடியில் வைத்துக்கொள்ளும் குழந்தைக்கு ஊரிலிருந்து திரும்புவதற்குள் 2 வயது நிறைகிறதா என்பதையும் பாருங்கள். நிறைந்தால் திரும்பும்போது தனி இருக்கை வேண்டும்.

கைப்பையோடு மட்டும் கிளம்புகிறவர்கள், பிள்ளைகளும் வளர்ந்து எங்கே உட்கார்ந்தாலும் கவலையில்லை என்றால், அவர்களுக்கு இவ்வளவு கணக்குத் தேவையில்லை. முதலில் தெரியும் கட்டணத்தை ஒப்பிட்டாலே போதும்.