ஈசாக்கும் யாக்கோபும்: குவாஷில் ஒரு ஏமாற்றுக் காட்சி

பைபிளின் ஆதியாகமம் 27ஆம் அதிகாரத்தில், கண் மங்கிய ஈசாக்கு மூத்த மகன் ஏசாவுக்குத் தரவிருந்த ஆசியை இளையவன் யாக்கோபு தட்டிப் பறிக்கிறான். ரோமம் அடர்ந்த அண்ணனைப்போல் தோன்ற, தாய் ரெபெக்காளின் யோசனைப்படி கையில் ஆட்டுத்தோல் கட்டிக்கொள்கிறான். இதில் அப்பழுக்கில்லாதவர் யாருமில்லை. ஈசாக்குக்கு வேட்டைக்கறி ஆசை, ரெபெக்காளுக்கு இளையவன்மேல் ஓரவஞ்சனை. யாக்கோபுக்கோ பொய் சொல்வதைவிட அகப்பட்டுக்கொள்வதில்தான் பயம். ஓவியர் மார்க் ஷாகால் பைபிள் படங்களை முதலில் குவாஷில், அதாவது தண்ணீரில் கரைக்கும் ஒளிபுகா வண்ணத்தில், தீட்டிப் பார்த்துவிட்டே செப்புத் தகட்டில் செதுக்கினார். 1930இல் தொடங்கிய வேலை, 105 படங்களோடு 1956இல் நூலானது. நாமும் குவாஷிலேயே நிற்கலாம்.

300 ஜிஎஸ்எம் (தாளின் கனம்) வாட்டர்கலர் தாள், ஏ3 அளவு. நான்கு ஓரமும் டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ஈரத்தில் தாள் நெளியும். எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு), அல்ட்ராமரின் (அடர் நீலம்), ஒரு சிவப்பு, வெள்ளை: ஐந்து ட்யூப் தாராளம்.

முதலில் பென்சிலில் கைகளை வரையுங்கள். இந்தப் படத்தின் முகமே கைகள்தான். தகப்பனின் விரல்கள் மகன் கைமேல் கட்டிய ஆட்டுக்குட்டித் தோலைத் தடவுகின்றன. ஈசாக்கின் கண்களை மூடிவிட்டால் தூங்குகிறவர்போல் இருக்கும். பாதி திறந்து, கருவிழியைச் சாம்பலாக விடுங்கள். தலை சற்றே திரும்பி, காது மகன் பக்கம் இருக்கட்டும். குரல் யாக்கோபுடையது என்று காது சொல்லிவிட்டது, கைதான் ஏமாறுகிறது. ரெபெக்காளுக்குக் கதவோரம் ஒரு நீல நிழல் போதும். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வேண்டாம், அது கிறிஸ்தவ ஓவிய மரபு. கடவுளுக்கு உருவம் கொடுப்பது யூத மரபில் ஆகாது.

தண்ணீராகக் கரைத்த ஆக்கரைத் தாள் முழுக்கப் பூசி, நன்றாகக் காயவிடுங்கள். அடுத்த பூச்சு கெட்டி மோர் பதம். அதைவிடத் தடித்தால் காய்ந்ததும் வெடிக்கும். குவாஷ் காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் மறுபடி கரையும்; ஒரே இடத்தில் மூன்றாவது முறை தூரிகை போனால் அடிநிறம் கிளம்பிச் சேறாகும். வெளிர் நிறங்கள் காய்ந்ததும் சற்றுக் கறுக்கும், அடர் நிறங்கள் வெளுக்கும். துண்டுத்தாளில் தீட்டிக் காயவைத்துப் பாருங்கள். ஆட்டுத்தோலின் மயிருக்குத் தூரிகையைத் துணியில் ஒற்றி, கிட்டத்தட்ட உலர்ந்த அம்பரால் ஒரே திசையில் இழுங்கள். கையின் சருமம் வழவழப்பாகவே இருக்கட்டும். இரண்டும் ஒரேமாதிரி ஆனால் ஏமாற்று வேலையே கண்ணுக்குத் தெரியாது.

மூலையில் யாக்கோபின் பெயரை எபிரேயத்தில் எழுதுவதானால் வலமிருந்து இடமாக யோத், அயின், கோப், பேத். பலரும் தவறுவது பேத்தில்தான். அதன் அடிக்கோடு வலப்பக்கம் சிறிது வெளியே நீளவேண்டும். வளைத்துவிட்டால் காப் என்ற வேறு எழுத்தாகிவிடும். அந்த நீட்டலுக்கு எழுத்தர்கள் வைத்த பெயர் குதிகால். அண்ணன் குதிகாலைப் பிடித்துக்கொண்டு பிறந்ததால்தான் இவனுக்கு யாக்கோபு என்றே பெயர்.