வரையும்போது ஒரு திரை, படுக்கும்போது ஒரு திரை: டேப்லெட்டைத் தானாக மாற வைப்பது எப்படி

திருபுவனத்தில் பட்டுச் சேலைகளுக்குக் கரையும் முந்தியும் வரைந்து கொடுப்பது என் வேலை. அப்பா காலத்தில் கிராஃப் தாளில் ஒவ்வொரு கட்டமாகப் பென்சிலால் நிரப்புவார்கள். நான் அதையே பேனாவோடு வந்த சாம்சங் டேப்லெட்டில் வரைகிறேன். வரைந்த படம் கும்பகோணத்துக்குப் போய், அங்கே கணினியில் ஏறி, எந்த இழை மேலே எழ வேண்டும் என்று தறிக்குச் சொல்லும் ஜக்கார்டு அட்டையாக வரும்.

வீட்டில் இருப்பது இந்த ஒரு டேப்லெட்தான். காலையில் அப்பா இதில் பேப்பர் படிப்பார். பகல் முழுக்க நான் வரைவேன். நடுவில் நெசவாளர் வீடுகளுக்கு ஸ்கூட்டரில் எடுத்துப் போவேன். ராத்திரி படுத்துக்கொண்டு கதை படிப்பதும் இதில்தான். நான்கு வேலைக்கும் திரை ஒரே மாதிரி இருந்தால் சரிப்படாது. அதைப் பட்டு நூலைப் பாழாக்கித்தான் தெரிந்துகொண்டேன்.

போன வருஷம் ஒரு கல்யாணச் சேலை. உடல் கத்திரிப்பூ நிறம், கரை மாம்பழ மஞ்சள். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் உட்கார்ந்து நிறத்தை முடிவு செய்தேன். கத்திரிப்பூ எவ்வளவு பார்த்தாலும் கொஞ்சம் சிவப்படித்த மாதிரியே தெரிந்தது. சரி என்று நீலத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். கண்ணுக்கு ஒத்து வந்ததும் படத்தைச் சாயப்பட்டறைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். மாதிரி நூல் கையில் இல்லாததால் படத்தைப் பார்த்தே போடச் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் வந்த அரைக் கிலோ பட்டு கத்திரிப்பூவே இல்லை, கருநீலத்துக்குப் பக்கத்தில் நின்றது. சாயக்காரர் மேல் குறையே இல்லை. அவர் போனில் தெரிந்த நிறத்தை அப்படியே கொண்டுவந்திருந்தார்.

என் திரையில் சூரியன் மறைந்ததும் தானாக வரும் 'ஐ கம்ஃபோர்ட் ஷீல்ட்' ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அது கண் கூசாமல் இருக்க நீல ஒளியைக் குறைக்கும். நீலம் குறைந்தால் கத்திரிப்பூவில் சிவப்புதான் மிஞ்சும். நான் அந்தக் குறையை ஈடுகட்ட நீலத்தைக் கூட்டியிருக்கிறேன். ஒன்றைக் கவனியுங்கள்: இந்த மஞ்சள் பூச்சு திரையில் மட்டும்தான் இருக்கும். படத்துக்குள் போகாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாலும் அடுத்தவருக்கு அது தெரியாது. நம் கண் ஒன்றைப் பார்க்கும், அவர் கண் வேறொன்றைப் பார்க்கும்.

'வரைவதற்கு முன் அதை அணைத்துவிடு, அவ்வளவுதானே' என்பார்கள். பத்து நாள் அணைப்போம், பதினோராவது நாள் மறப்போம். அதனால் நினைவை நம்பாமல் டேப்லெட்டையே மாறிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

சாம்சங்கில் இதற்கு 'மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸ்' என்று ஒரு பகுதி செட்டிங்ஸுக்குள்ளேயே இருக்கிறது. முன்பு பிக்ஸ்பி ரொட்டீன்ஸ் என்று இருந்தது, 2022-இல் வந்த ஒன் யூஐ 5 என்ற சாம்சங் மென்பொருள் பதிப்பில் இந்தப் பெயருக்கு மாறியது. தனியாக எதையும் இறக்க வேண்டாம். உள்ளே போய் ரொட்டீன்ஸ் பக்கத்தில் கூட்டல் குறியைத் தொட்டால் இரண்டு பெட்டிகள் வரும். மேலே 'இஃப்', கீழே 'தென்'. எது நடந்தால் என்பதை மேலேயும், என்ன செய்ய வேண்டும் என்பதைக் கீழேயும் போட வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு சொற்கள் கொஞ்சம் இடம் மாறும், வழி இதுதான்.

முதலில் போட வேண்டியது வரைவதற்கான ரொட்டீன். மேல் பெட்டியில் 'ஆப் ஓப்பன்டு' என்பதைத் தேர்ந்தெடுத்து நீங்கள் வரையும் செயலியைக் காட்டுங்கள். நான் ஐபிஸ் பெயின்ட் வைத்திருக்கிறேன். அதோடு, படங்களைப் பார்க்கும் கேலரியையும் சேர்த்தேன், ஏனென்றால் சாயக்காரர் அனுப்பும் நூல் படத்தை அங்கேதான் பெரிதாக்கிப் பார்ப்பேன். கீழ்ப் பெட்டியில் ஐ கம்ஃபோர்ட் ஷீல்ட் ஆஃப். அடாப்டிவ் பிரைட்னஸ் ஆஃப். பிரைட்னஸ் 60 சதவீதம். அடாப்டிவ் பிரைட்னஸை ஏன் அணைக்கிறேன் என்றால், ஜன்னலில் மேகம் மறைத்தால் அது திரையை மங்கச் செய்யும், வெயில் வந்தால் ஏற்றும். காலையில் அரக்காகத் தெரிந்தது மத்தியானம் பாக்கு நிறமாகத் தெரிந்தால் நான் எதை நம்புவது?

உங்கள் டேப்லெட் அமோலெட் திரை உள்ளதாக இருந்தால் டிஸ்பிளே செட்டிங்ஸில் 'ஸ்கிரீன் மோட்' என்று ஒன்று இருக்கும். அதில் 'விவிட்', 'நேச்சுரல்' என்று இரண்டு. கடையில் வாங்கும்போது விவிட்டில்தான் இருக்கும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எல்லா நிறத்தையும் ஒரு பங்கு தூக்கிக் காட்டும். நிறத்தோடு வேலை பார்ப்பவர்கள் நேச்சுரலுக்கு மாற்றி அப்படியே விட்டுவிடுங்கள். ராமர் பச்சைக்கும் கிளிப்பச்சைக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் விவிட்டில் காணாமல் போகும். விலை குறைந்த எல்சிடி திரைகளில் இந்தத் தேர்வு இல்லாமலும் இருக்கலாம், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

செயலியை மூடியதும் திரை பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். சாம்சங்கில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 'இந்த நேரம் முதல் இந்த நேரம் வரை' என்று போட்டாலும் அப்படியே, நேரம் முடிந்ததும் திரும்பும். 'சரியாக ஒன்பது மணிக்கு' என்று ஒரே ஒரு நேரத்தைப் போட்டால் மட்டும் திரும்பாது. அதற்கு முடிவு என்று ஒன்று கிடையாதே. எனவே நேரம் போடும்போது எப்போதும் தொடக்கம், முடிவு இரண்டையும் கொடுங்கள்.

அடுத்தது ராத்திரி. எனக்கு ஒன்பது மணி முதல் காலை ஐந்தரை வரை. டார்க் மோட் ஆன், ஐ கம்ஃபோர்ட் ஷீல்ட் ஆன், பிரைட்னஸ் 15. இங்கே ஒரு முக்கியமான விஷயம். ஐ கம்ஃபோர்ட் ஷீல்டுக்கு அதன் சொந்த அட்டவணை ஒன்று டிஸ்பிளே செட்டிங்ஸில் இருக்கிறது, 'சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை' என்று. அதை எடுத்துவிடுங்கள். ஒரே உறையில் இரண்டு கத்தி வேண்டாம். ரொட்டீன் ஒன்று மட்டுமே அதை ஏற்றவும் இறக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் வரைந்துகொண்டிருக்கும்போதே நடுவில் புகுந்து மஞ்சளடித்துவிடும்.

இரண்டையும் போட்டபின் ஒரு சோதனை செய்யுங்கள். ராத்திரி ஒன்பதரைக்கு வரையும் செயலியைத் திறந்து, ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தைப் பாருங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். திரை மஞ்சள் பூசிக்கொண்ட மாதிரி இருந்தால் ரொட்டீன் வேலை செய்யவில்லை. நான் இதற்கென்றே ஒரு படம் வைத்திருக்கிறேன். ஏழு சதுரங்கள்: அரக்கு, கத்திரிப்பூ, மயில் கழுத்து, ராமர் பச்சை, மாந்துளிர், மாம்பழ மஞ்சள், வெங்காயச் சருகு. ஒவ்வொன்றுக்கும் உண்மையான நூல் துண்டு ஒன்று அட்டையில் கட்டி வைத்திருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கத்திரிப்பூ சதுரம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். மாம்பழ மஞ்சள் கடைசி வரை நல்ல பிள்ளையாகவே இருக்கும், அதை வைத்துச் சோதிக்காதீர்கள்.

அப்பாவுக்குப் போட்ட ரொட்டீன் வேறு மாதிரி. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்திருக்கிறது. அறுவை முடிந்து கட்டுப் பிரித்த வாரத்தில் தறியில் இருந்த ஒரு நீலச் சேலையைப் பார்த்துவிட்டு, "இது எப்பம்மா இவ்வளவு நீலமாச்சு?" என்றார். அதே சேலையைப் பத்து நாள் முன்பும் பார்த்தவர்தான். புரை வளர வளரக் கண்ணின் வில்லை மஞ்சளித்துப் போகுமாம், நீலத்தைத் தடுத்துவிடும், மெதுவாக நடப்பதால் நமக்கே தெரியாது என்று மருத்துவர் சொன்னார். என் டேப்லெட்டில் ராத்திரி நடந்தது, அப்பா கண்ணுக்குள் வருஷக்கணக்காக நடந்திருக்கிறது. அன்றைக்குத்தான் இந்த வேலையைப் பாதியில் விடாமல் ஒழுங்காகச் செய்து முடிக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

அவருக்கு இப்போது வெள்ளைத் திரை கூசுகிறது, ஆனால் கறுப்பில் வெள்ளை எழுத்தும் ஓடவில்லை. எழுத்து பெரிதாக வேண்டும். எனவே அவர் பேப்பர் படிப்பதற்குக் குரோம் என்று ஒதுக்கிவிட்டேன், நான் சாம்சங் இன்டர்நெட்டுக்கு மாறிக்கொண்டேன். குரோமுக்குள் அதன் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி என்று போனால் எழுத்தைப் பெரிதாக்கலாம். 150 சதவீதம் வைத்தேன். அது குரோமோடு நிற்கும், என் வேலையைத் தொடாது. பிறகு குரோம் திறந்தால் டார்க் மோட் ஆஃப், பிரைட்னஸ் 30 என்று ஒரு ரொட்டீன். அவர் எந்தப் பொத்தானையும் தொடுவதில்லை. திறக்கிறார், படிக்கிறார்.

வெளியே எடுத்துப் போவதற்கு நேரமும் செயலியும் உதவாது. இடத்தை வைத்துப் போடலாம்தான், ஆனால் நான் போகும் பத்து வீடும் ஒரே தெருவில் இருக்கின்றன, என் வீடும் அங்கேதான். எனவே 'ஸ்டார்ட் மேனுவலி' என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்த ரொட்டீனுக்கு 'வெயில்' என்று பெயர் வைத்து, முகப்புத் திரையில் ஒரு பொத்தானாகப் போட்டுவிட்டேன். ஒரு தொடுதல்: பிரைட்னஸ் முழுவதும், டார்க் மோட் ஆஃப், ஸ்கிரீன் டைம்அவுட் பத்து நிமிஷம். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கட்டும் இடத்தில் டார்க் மோட் வைத்துப் பாருங்கள், படத்துக்குப் பதில் உங்கள் முகமும் பின்னால் கோயில் கோபுரமும்தான் தெரியும். வெயிலில் வெள்ளைப் பின்னணிதான் படிக்க முடியும்.

அந்தப் பத்து நிமிஷம் நெசவாளருக்காக. குழித்தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு கை நாடாவில், கால் மிதியில். டேப்லெட்டைப் பக்கத்துப் பலகையில் சாய்த்து வைத்தால், கரையில் அன்னத்தின் கழுத்து எத்தனை இழையில் திரும்புகிறது என்று தலையை மட்டும் திருப்பிப் பார்ப்பார். அரை நிமிஷத்தில் திரை அணைந்தால் தறியை நிறுத்தி எழுந்து வந்து தொட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அதே பொத்தானை மறுபடி தொட்டு அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் சார்ஜ் சாயங்காலம் வரை தாங்காது. இன்னொன்று, கரண்ட் இல்லாத நாளில் பவர் சேவிங் போட்டிருந்தால் அது பிரைட்னஸைக் கொஞ்சம் இறக்கிவிடும். நிறம் பார்க்கும்போது அது அணைந்திருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

என் தம்பி ஐபேட் வைத்திருக்கிறான். அவனுக்கு இதையே போட்டுக் கொடுத்தேன், வழி கொஞ்சம் சுற்று. 'ஷார்ட்கட்ஸ்' செயலியில் 'ஆட்டோமேஷன்' பக்கம், கூட்டல் குறி, 'ஆப்'. செயலியைத் தேர்ந்தெடுத்து 'இஸ் ஓப்பன்டு', அப்புறம் மறக்காமல் 'ரன் இமீடியட்லி'. அதைப் போடாவிட்டால் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டுக்கொண்டே நிற்கும். செய்ய வேண்டியதாக 'செட் நைட் ஷிஃப்ட்' (ஐபேடில் மஞ்சளடிப்பது இதுதான்) ஆஃப், 'செட் ட்ரூ டோன்' ஆஃப், 'செட் பிரைட்னஸ்', 'செட் அப்பியரன்ஸ்' லைட் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ட்ரூ டோன் முக்கியம். அறையின் வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையின் வெள்ளையை மாற்றுவதுதான் அதன் வேலை. மஞ்சள் பல்பின் கீழ் உட்கார்ந்தால் திரையும் மஞ்சளுக்குச் சாயும். படிக்க நல்லது, நிறம் பார்க்கக் கூடாது.

ஐபேட் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. எனவே அதே செயலிக்கு 'இஸ் குளோஸ்டு' என்று இரண்டாவது ஆட்டோமேஷன் போட்டு எல்லாவற்றையும் மறுபடி ஆன் செய்ய வேண்டும். வேறு செயலிக்கு மாறினாலே மூடியதாகத்தான் அது எடுத்துக்கொள்ளும், அது நமக்கு வசதிதான். எழுத்தின் அளவுக்கு மட்டும் இந்தச் சுற்று வேண்டாம். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டிக்குள் 'பெர் ஆப் செட்டிங்ஸ்' இருக்கிறது, ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி எழுத்தளவு வைக்கலாம். 

வேறு ஆண்ட்ராய்டு டேப்லெட் என்றால் மேக்ரோட்ராய்ட் போன்ற செயலியில் இதைச் செய்யலாம். அது மெனக்கெட்ட வேலை. நிறம் பார்க்கும் தொழில் இல்லாதவர்களுக்கு டிஸ்பிளே செட்டிங்ஸில் உள்ள நைட் லைட் அட்டவணையும் டார்க் தீம் அட்டவணையும் போதும்.

சாஃப்ட்வேர் அப்டேட் ஆன பிறகு ஒரு முறை அந்த ஏழு சதுரங்களைத் திறந்து பார்த்துவிடுங்கள். நான் பார்க்கிறேன். அதற்கு மேல், சாயத்துக்கு அனுப்பும் முன் மாதிரி நூலைத் திண்ணைக்கு எடுத்துப் போய்க் காலை பத்து மணி வெளிச்சத்தில் அப்பாவிடம் காட்டுகிறேன். இப்போது அவர் கண்தான் எங்கள் வீட்டில் நீலத்தைச் சரியாகப் பார்ப்பது.