மலையூரில் தெரபி: நாம் செய்கிற தவறுகள்

கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ இருந்து தாளவாடி, கடம்பூர், ஆனைக்கட்டிப் பக்கம் வேலைக்குப் போகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள் முதல் தவறைப் பெயரிலேயே செய்துவிடுகிறோம். ‘தொழில்வழி சிகிச்சை’ என்றால், “ஏனுங்க, நாலு வயசுப் பையனுக்கு என்னங்க தொழில்?” என்றுதான் கேட்பார்கள். நியாயம்தானே? சாப்பிடுவது, குளிப்பது, துணி உடுத்துவது, விளையாடுவது, வேலைக்குப் போவது, இதையெல்லாம் முடிந்தவரை தானே செய்துகொள்ளப் பழக்குகிறோம் என்று சொன்னால் போதும்.

அடுத்தது அந்த மதிப்பீட்டுத் தாள். ஸ்பூனில் சாப்பிடுகிறானா, பட்டன் போடுகிறானா, கத்தரிக்கோல் பிடிக்கிறானா, இல்லை, இல்லை, இல்லை. கூட்டிப் பார்த்தால் விரல் இயக்கத்தில் பையன் பின்தங்கியவன் என்று வந்து நிற்கும். நானும் ஒரு சோளகர் பழங்குடி வீட்டில் இப்படி டிக் அடித்துக்கொண்டிருந்தேன். பையனோ திண்ணையில் உட்கார்ந்து பூச்சக்காயை, அதாவது பூந்திக்கொட்டையை, கல்லால் தட்டி, தோலை ஒரு பக்கம், கொட்டையை ஒரு பக்கம் என்று இரண்டு விரல் நுனியால் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். பேனாவை மூடிவிட்டேன். மத்தியானம் சாப்பிடும்போதுதான் தெரிந்தது, ராகிக் களியைப் பிட்டுக் குழம்பில் தொடுகிறான், ஆனால் வாய்க்குக் கொண்டு போக முன்கை திரும்பவில்லை, தலையைக் குனிந்து கையிடம் போகிறான். களி பற்றி அந்தத் தாளில் ஒரு வரி கிடையாது.

மொழியும் அப்படித்தான். சோளகர் பேச்சு கன்னடத்துக்கு நெருக்கம், இன்னொரு பழங்குடியான இருளருக்குத் தனி மொழியே உண்டு. நம் டவுன் தமிழில் “நீலக் கட்டையை எடு” என்று சொல்லி, பிள்ளை விழித்தால் ‘புரிதல் குறைவு’ என்று எழுதிவிடாதீர்கள். அதையே அவன் பாட்டியை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், அப்புறம் எழுதலாம்.

எனக்குக் கோபம் வருகிற தவறு ஒன்று உண்டு: “வாரம் ரெண்டு தடவை கூட்டிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு, வராதவர்களை ‘அக்கறையில்லாத பெற்றோர்’ என்று பைலில் எழுதுவது. தாளவாடியிலிருந்து சத்தியமங்கலம் வர திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்க வேண்டும், அன்றைய கூலி போச்சு, சீமாறு புல் அறுக்கிற சமயம் என்றால் குடும்பமே காட்டில் இருக்கும். நாம் மேலே போகலாமே. போனால் பத்துப் பயிற்சி வேண்டாம், ஒன்று சொல்லிக் கொடுங்கள்.

மேட்டில் இருக்கிற வீட்டுக்குச் சின்னச் சக்கர நாற்காலி கொடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதில் விறகு அடுக்கி வைத்திருப்பார்கள்.

பெரியவர்கள் விஷயத்தில் அரிவாள் அணு ரத்தசோகை (சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகிற பரம்பரை நோய்) இருக்கிறதா என்று கேட்காமல் விடுவது ஆபத்து. நீலகிரிப் பழங்குடிகளிடம் இது அதிகம். “வலித்தாலும் விடாமல் செய்யுங்க” என்று மூச்சு முட்ட வேலை வாங்கினாலோ, தண்ணீர் குடிக்க விடாமல் இழுத்தாலோ வலி கிளம்பிவிடும், குளிரும் ஆகாது. இடையிடையே ஓய்வு கொடுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் இந்த நோயும் இருக்கிறது, சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்க மறந்துவிடுகிறோம்.

பக்கவாதம் வந்தவருக்கு ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னால் ரெண்டே நாளில் அது பேரன் கைக்குப் போய்விடும். சீமாறு கட்டுகிற கயிற்றைக் கொடுங்கள், நல்ல கை கட்டைப் பிடிக்க, விழுந்த கை மெதுவாகச் சுற்றட்டும். முதல் கட்டு தொளதொளவென்றுதான் வரும்.